ஊதாத் துணி போர்த்திய டிவி

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க

எடமலைப்பட்டி புதூர்,
திருச்சி.
14.3.2026

அன்பு மகள் ஆன்சிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறையொன்றுமில்லை, அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. நீயும் மும்பையில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும், கிறிஸ்மஸுக்கு வந்து சண்டை போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் 'நலம்' என்று ஒரு சொல் அனுப்புவதோடு சரி, எனக்கு அதுவும் கிடையாது. போன வாரம் 'ஈஸ்டருக்கு வரல' என்று அனுப்பியிருந்தாய், அம்மா அதை என்னிடம் காட்டிவிட்டு போய்ப் பாத்திரம் கழுவினாள். நான் போன் செய்தால் எடுக்கமாட்டாய். அதனால் இதை மணப்பாறை முறுக்குப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன், முறுக்குக்காகவாவது பிரிப்பாய்.

இங்கே தவக்காலம் வெகு விமரிசையாக நடக்கிறது. நம் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கு இந்த வருடமும் நான்தான் தலைவர், வேறு எவனும் முன்வரவில்லை. முதல் கூட்டத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், நாற்பது நாளும் சீரியல் இல்லை, சினிமா இல்லை, செல்போனில் ரீல்ஸ் இல்லை, கிறிஸ்தவக் குடும்பம் கண்ணால் எதைச் சாப்பிடுகிறது என்று யோசிக்க வேண்டும் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஆரம்பித்தது பார் பேரம். செயலாளர் ஆசீர் எழுந்து, "கிரிக்கெட் வெளையாட்டுங்க சார், பொழுதுபோக்குல வராது" என்றான். ஐம்பது வயதில் சோபாவில் சாய்ந்துகொண்டு சிப்ஸ் தின்பது இவனுக்கு விளையாட்டாம். ஒரு அம்மாள் சமையல் போட்டி நிகழ்ச்சி பார்க்கலாமா என்று கேட்டாள், வெள்ளிக்கிழமை கறி தொடாமல் சுத்த போசனம் இருப்பவளுக்கு ஆட்டுக்கால் பாயா எப்படிக் கொதிக்கிறது என்று பார்த்தால்தான் பக்தி ஊறும்போல. இன்னொருத்தி, சீரியலைச் சத்தமில்லாமல் பார்த்தால் பாவமா என்றாள். இந்த லட்சணத்தில் 'நல்ல பொழுதுபோக்குப் பட்டியல்' என்று ஒன்று தயாரித்து, ஆசீர் அதை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு வீடு கொடுத்தான். அதில் முதலாவது கிரிக்கெட்.

தலைவன் வீடு முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? கோவிலில் கடைசி இரண்டு வாரம் மாதா, புனிதர் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள் இல்லையா, நான் தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதன் அன்றே நம் டிவியை ஊதாத் துணி போட்டு மூடிவிட்டேன். துணி எடுக்கப் பெரிய கடைவீதியில் நம் பரக்கத் அலி கடைக்குத்தான் போனேன். எந்தச் சுரூபத்துக்கு, என்ன உயரம் என்று அக்கறையாகக் கேட்டவர், நாற்பத்து மூன்று இன்ச் டிவிக்கு என்றதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "சுவிட்ச அமத்துனா போதாதுங்களா அய்யா? எங்க வீட்டுல நோன்பு மாசம் முழுக்க அப்படித்தான்" என்றார். அவர் வீட்டில் கூட்டமும் இல்லை, பட்டியலும் இல்லை, ஜெராக்ஸும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, நியாயமான பேச்சுக்குத்தான் எனக்கு எப்போதும் கோபம் வரும் என்று அம்மா சொல்வாள்.

இனிமேல் நடந்ததைச் சிரிக்காமல் படி. உன் கொரற்றி டீச்சர், அவர்தான் உனக்கு மறைக்கல்வி எடுத்த மரிய கொரற்றி டீச்சர், ஒரு நாள் அம்மாவைப் பார்க்க வந்தார். டிவி நம் பீடத்துக்கு நேர் கீழே இருக்கிறது, மேலே மாதாவும் சீரியல் பல்பும். ஊதாத் துணி போர்த்தியிருந்ததைப் பார்த்ததும் பெரிய திருஇருதய ஆண்டவர் படம் வாங்கி மூடி வைத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் சிலுவை போட்டு, மண்டியிட்டு, பேரனுடைய கனடா விசாவுக்காக நவநாள் ஆரம்பித்துவிட்டார். பாதி செபத்தில் ஒரு மனுஷியை எழுப்பி, டீச்சர் அது டிவி என்று எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாளிலிருந்து தினமும் வந்தார், ஒன்பதாம் நாள் விசா வந்தது. அவ்வளவுதான், ஒருத்திக்கு வரன், ஒருத்திக்கு மகனுடைய அரியர்ஸ், இன்னொருத்திக்கு மருமகள் தனிக்குடித்தனம் போக வேண்டும், எல்லோரும் வந்து துணிக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார்கள். சுவிட்சுக்கும் சுரூபத்துக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டத்துக்கு நான் தலைவன். எந்த முட்டாளும் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை, எனக்கும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருடம் அடுத்தவன் தப்பைப் பெரிய அதிகாரிக்கு முன்னாலேயே சொன்னவன் நான், என் வீட்டு ஹாலில் ஊமையாக நின்றேன்.

போன வாரம் வியாழக்கிழமை நம் வீட்டில் அன்பியக் கூட்டம், ஏழு மணிக்கு. நான் கோவிலுக்குப் போய்த் திரும்பி வரும்போது தெருவில் கரண்ட் இல்லை. டீச்சரும் நாலைந்து பெண்களும் முன்னதாகவே வந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் துணிக்கு முன்னால் மண்டியிட்டு முதல் பத்து மணி சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆசீர் கண்ணை மூடிக்கொண்டு நின்றான், அம்மா அடுப்படியில் சுக்குக் காப்பி போட்டாள். நானும் போய் நின்றேன். 'அருள் நிறைந்த மரியே' என்று டீச்சர் ஆரம்பித்தார், கரண்ட் வந்தது. மாதாவுக்குப் பல்பு எரிந்தது, ஃபேன் சுற்றியது, கொஞ்ச நேரத்தில் ஊதாத் துணிக்குள்ளிருந்து ஒரு பெண் ஓங்கிக் கத்தினாள். "உங்க கௌரவத்தை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க மாமா, இந்த வீட்டுல இனி ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்!"

ஒருத்தி ஆண்டவரே என்று அலறினாள். இன்னொருத்தி நெற்றி தரையில் படக் குனிந்துவிட்டாள். டீச்சர் மட்டும் செபமாலையைப் பிடித்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டார், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், இது நம்ம ஆன்சி குரலாச்சே?" என்றார்.

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள், நான் கோவிலுக்குப் போகும் நேரம் பார்த்து தினமும் ஆறரை மணிக்குத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நீ டப்பிங் பேசும் அந்த சீரியலைக் கேட்கிறாளாம், அன்றைக்குப் போட்டவுடனே கரண்ட் போனதால் அணைக்க மறந்துவிட்டாளாம். அதற்கு நான், முன்மாதிரி வீட்டில் இப்படி ஒரு திருட்டுத்தனமா என்று ஆரம்பித்தேன். "கதை எவளுக்குங்க வேணும்? என் புள்ள போன்ல பேசமாட்டேங்குறா, அங்கயாவது பேசுறாளே" என்றாள். மிச்சச் செபமாலையை எப்படிச் சொல்லி முடித்தோம் என்று எனக்கு நினைவில்லை.

சீரியலைப் பற்றி நான் சொன்னது எதையும் வாபஸ் வாங்கவில்லை, அதை முதலில் தெரிந்துகொள். அது குப்பை. தூங்கி எழுந்திருக்கும்போதும் பட்டுப்புடவை கட்டியிருக்கிற பெண்களும், ஒரு கன்னத்தில் அறைந்ததை மூன்று தடவை காட்டுவதும், பாலில் விஷம் கலந்துவிட்டுச் சாமி கும்பிடுவதும், இதையெல்லாம் இந்தியில் ஒருவன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான், அதைத் தமிழில் வேறு கொண்டுவருகிறீர்கள். ஆனால் கிறிஸ்மஸ் சாப்பாட்டில், கோவிலில் வாசகம் வாசித்த குரலை வாடகைக்கு விட்டுவிட்டாய் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேனே, அது தப்பு. நீ எழுந்து, "நான் திட்டுற மாதிரி பேசுறேன்பா, நீங்க நெசமாவே திட்டுறீங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாய். அது என்னைத் தைக்கவில்லை என்று இரண்டு மாதம் நடித்தேன், என் நடிப்பில் அந்தப் பட்டுப்புடவைக்காரிகள் தோற்றார்கள். யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு சினிமா பிடிக்காது, கிரிக்கெட் பிடிக்காது, கூட்டம் போட்டு ஊரில் உள்ளவர்களை ஒவ்வொருவராக இழுத்து வைத்து ஏளனம் செய்வதுதான் என் பொழுதுபோக்கு. இந்தக் கடிதத்திலேயே எத்தனை பேரைச் செய்திருக்கிறேன் பார். அதைத் தடை செய்ய மட்டும் எந்தக் கூட்டத்திலும் யாருக்கும் தோன்றவில்லை.

டீச்சரிடம் போய் அது டிவி என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டார். துணியை எடுக்கவில்லை, ஆறரைக்கு மட்டும் மேலே தூக்கிப் போடுகிறோம். அம்மா பார்க்கிறாள், நான் பக்கத்தில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ஈஸ்டர் அன்று உயிர்ப்பு ஞாயிறு பூசைக்கு முதல் வாசகம் வாசிக்க ஆள் வேண்டும் என்றார்கள், உன்னைக் கேட்காமலே உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். அதுவும் தப்புதான், தெரியும். நீ வராவிட்டால் நான்தான் வாசிக்க வேண்டும், என் குரலைக் கேட்டுக் கேட்டு இந்தப் பங்குக் கோவில் ஜனங்களுக்கு அலுத்துவிட்டது, எனக்கே அலுத்துவிட்டது. வா, ஆன்சி. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன், பேசினால் அம்மா கரண்டியோடு நிற்கிறாள்.

ஆண்டவர் உன்னைக் காத்து நடத்துவாராக, மாதா உன் துணையிருப்பாளாக. முறுக்கு நமத்துப்போகுமுன் சாப்பிடு, வெளிச் சாப்பாட்டைக் குறை. இன்னொன்று, செவ்வாய்க்கிழமையிலிருந்து உன் குரல் கட்டியிருக்கிறது, எப்போது பேசிக்கொடுத்ததோ தெரியவில்லை, உச்சத்துக்குப் போகும் இடத்தில் உடைகிறது. பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் குடி. அந்த மாமனாரைத் திட்டும்போது தொண்டையிலிருந்து கத்தாதே, மூச்சை அடிவயிற்றில் வாங்கிச் சொல்லை முடிவுவரை கொண்டுபோ, வாசக மேடையில் சொல்லிக்கொடுத்ததுதான். நன்றாகத் திட்டு. அந்த ஆளுக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ம. அற்புதசாமி