பதிவேட்டில் ஹெல்பர்

3-7-96, புதன்

காலையிலிருந்தே சாரல். குடைக்கம்பி ஒடிஞ்சுபோச்சு. காந்திபுரத்துல ரெண்டு பஸ்ஸை விட்டு மூணாவதுல ஏறி, கம்பெனி சேர 8.10. சூப்பர்வைசர் முறைப்பு.

வாங்கணும்: து.பருப்பு, சீயக்காய், பாப்பாவுக்கு செருப்பு.

நாளன்னிக்கு லேபர் ஆபீசர் வர்றாங்களாம். வழக்கமான ஏற்பாடுதான். பொம்பளைக ஏழு பேரும் மோட்டார் வைண்டிங்கை விட்டுட்டு, பேக்கிங்ல போய் அட்டைப்பெட்டி ஒட்டணும். எங்க சீட்ல லேத் மிஷின் ஓட்டற ஆம்பளைக உக்காருவாங்க. ஏன்னா பதிவேட்டுல நாங்க ஹெல்பர். வைண்டர்ங்கற பேர் நாலு ஆம்பளைகளுக்கு மட்டும். பதினோரு வருஷமா மோட்டாருக்குக் கம்பி சுத்தறேன், நாள் கூலி 32. பழனிச்சாமி ரெண்டு வருஷம் முன்னாடி வந்து எங்கிட்டத்தான் கத்துக்கிட்டான். அவனுக்கு 58. நல்ல பையன், அவனைச் சொல்லி என்ன. வயிறு எரியுது, அவ்வளவுதான்.

சூப்பர்வைசர்: "வாயை மூடிட்டு இருங்க அம்மணி, தீபாவளிக்குள்ள உங்களையும் வைண்டர் ஆக்கிப்போடலாம்." போன தீபாவளிக்கும் இதே பேச்சு.

5-7, வெள்ளி

லேபர் ஆபீசர் வந்துட்டுப் போயாச்சு.

ஆபீசர் ஒரு அம்மா. கண்ணாடி, நூல் சேலை. நான் பேக்கிங்ல பசை தடவிட்டிருந்தேன். என்ற சீட்ல லேத் ராமசாமியண்ணன். பாவம், வேர்த்து ஊத்துது. இரும்புக் காடிப் பள்ளத்துக்குள்ள பேப்பர் வெக்காமயே கம்பியை எறக்கறார். கம்பி இரும்புல பட்டா மோட்டார் புகைஞ்சுபோகும். அதுல பாதி, நேத்து நான் சுத்தினது. பொறுக்கல.

"ஏனுங்ண்ணா, பேப்பர் வெக்கலீங்க"ன்னு கத்திப்போட்டேன்.

ஆபீசரம்மா திரும்பி, "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

சூப்பர்வைசரைப் பார்த்தேன். பொய் சொல்லத்தான் நெனச்சேன், வரல. "அது என்ற சீட்டுங்க."

சுத்திக் காட்டச் சொன்னாங்க. சுத்தினேன். பழனிச்சாமி தலையே தூக்கல. பேர், வருஷம், கூலி எல்லாம் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் ஆபீசரம்மா முதலாளி ரூம்ல ஒரு மணி நேரம்.

ஊட்டுல இவர்: "உனக்கெதுக்கு அந்த வேலை? வராதேன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவே?" மத்த ஆறு பேரு பொழப்பும் போனா அந்தப் பாவம் என்ற தலையிலதான்.

6-7, சனி

மழை இல்ல, காத்துதான். யாரும் ஒண்ணும் சொல்லல. அதுவே பயமா இருக்கு.

டீ நேரத்துல பழனிச்சாமி பக்கத்துல வந்து, "அக்கா, ஒரே வேலை செய்யற எடத்துல ஒரே சம்பளம் போடோணும்னு ஆபீசரம்மா எழுதிட்டாங்களாமுங்க. டைப்பிஸ்ட் அண்ணன் சொன்னாருங்க."

நெசமான்னு ரெண்டு வாட்டி கேட்டேன். 58. வேண்டாம்னாலும் மனசு கணக்குப் போடுது. பாப்பாவுக்கு செருப்பு வாங்கியாச்சு. இவர்கிட்ட சொல்லல. சொன்னா நடக்காம போயிருமோன்னு.

7-7, ஞாயிறு

துணி தொவச்சேன். சாம்பார்ல உப்பு ரெண்டு தரம் போட்டுட்டேன். பாப்பா சிரிக்குது.

8-7, திங்கள்

ஆம்பளைக சீட் நாலும் காலி. மோட்டாரை ஓட்டிப் பார்க்கற டெஸ்டிங்குக்கு மாத்திட்டாங்களாம், அதே சம்பளம். அந்த நாலு சீட்ல நாலு புதுப் பொம்பளைப் புள்ளைக, ஹெல்பரா.

சூப்பர்வைசர் சிரிச்ச மூஞ்சி: "இப்ப சந்தோஷமுங்களா அம்மணி? ஆபீசரம்மா சொன்னபடி பண்ணியாச்சு. வைண்டிங் ஹால்ல இனி எல்லாத்துக்கும் ஒரே கூலி. 32."

அழுகை வரல, ஆத்திரம்தான். திட்டக்கூட ஆள் இல்ல, சட்டப்படி எல்லாம் சரி.

பழனிச்சாமி சீட்ல உக்காந்த புள்ளைக்கு இருபது வயசு இருக்கும். நாந்தான் கத்துக்குடுக்கோணுமாம். கம்பியைப் புடிச்சுக்கிட்டு எம்மூஞ்சியவே பார்த்துச்சு.

"அக்கா, நல்லாக் கத்துக்கிட்டா சம்பளம் ஏத்துவாங்களாங்க?"

சூப்பர்வைசர் பக்கத்துலயே நின்னுட்டிருந்தார். ஏத்துவாங்க கண்ணுன்னு சொல்லிப்போட்டேன்.