முகத்துக்கு விட்ட இடம்

லண்டன், சோஹோ
1774 அக்டோபர் 20

அன்பு வினிக்கு,

நான் நலம். நீயும் உன் அப்பாவின் கையுறைக் கடையும் அந்தத் திமிர் பிடித்த பூனையும் நலமாக இருக்க வேண்டும். கோடையில் எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. உன்னைத் திட்ட முடியாது என்பதால் கப்பல்காரனைத் திட்டிக்கொண்டேன்.

இங்கே ஒரு பிஷப் படத்துக்கு வந்து உட்காருகிறார். நெற்றியைக் கொஞ்சம் ஏற்று, மூக்கைக் கொஞ்சம் குறை என்று தினமும் ஒரு திருத்தம். கைகளை மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். அவருக்கும் உன் கையையே போட்டுவிட்டேன், சற்றுத் தடிமனாக. யாருக்குக் கை வரைய உட்கார்ந்தாலும் உன் கைதான் தானாக வந்து விழுகிறது. டப்ளினில் ஒட்டிய பழக்கம், இங்கே வந்தும் போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கேபல் தெரு மாடியில் நீ கேட்டுக்கொண்டே இருப்பாயே, "ஊரு சீமாட்டிக்கெல்லாம் என் கையக் குடுத்தீங்க, எனக்கு ஒரு மூஞ்சி வரைஞ்சு குடுங்க" என்று. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லியே நான் கப்பலேறிவிட்டேன். வரும் வசந்தக் கண்காட்சிக்கு உன் படத்தைத்தான் வைக்கப் போகிறேன். நீலத்தாளைச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, வண்ணச் சுண்ணக்கட்டிகளை எடுத்து, ஆரம்பித்தும்விட்டேன். மடியில் இரண்டு கைகள், ஒன்றில் கழற்றிய கையுறை. ஒரே காலையில் முடிந்தது.

அப்புறம் முகத்துக்கு வந்தேன். நெற்றி வந்தது, தாடை வந்தது. கண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பெட்டியில் சாம்பலும் பச்சையும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. எதை எடுப்பதென்று தெரியவில்லை, வினி. அடுத்தவர் முகத்தைப் பார்த்தே பிழைக்கிறவன் கேட்கிறேன், சிரிக்காதே. உன் கண் என்ன நிறம்?

என்றும் உன்
பார்ட்டில்

*

டப்ளின், கேபல் தெரு
1774 நவம்பர் 15

கடல் தாண்டிய கணவருக்கு வினிஃப்ரெட் எழுதுவது.

பூனைக்கு எந்தக் குறையும் இல்லை. நண்டுக்காரி வாசலில் கூவினால் உங்கள் பழைய நாற்காலியிலிருந்து குதித்து ஓடுகிறது, மற்ற நேரமெல்லாம் அதில்தான் தூக்கம்.

பாலிகாரன் ஊர்ச் சீமாட்டி கடைக்கு வந்திருந்தாள். நினைவிருக்கிறதா, நீங்கள் ஊதா உடுப்பில், கையில் ஆரஞ்சுப் பழத்தோடு வரைந்தீர்களே, அவளேதான். மகளுக்குக் கல்யாணமாம். அன்றைக்குப் போட்டுக்கொள்ளத் தனக்கு லிமரிக் கையுறை வேண்டுமாம், அந்த மெல்லிய தோலில், அக்ரூட் ஓட்டுக்குள் மடித்து வைக்கிற மாதிரி. அளவெடுக்க நாடாவை எடுத்தேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "அளவெல்லாம் எதுக்கும்மா? எங்க வீட்டுக் கூடத்துல படம் தொங்குது. வந்து பாத்து, அந்தக் கைக்குத் தைச்சுக் குடு" என்றாள்.

நானும் போனேன். பெரிய கூடம், குளிர்காயும் பெரிய கணப்படுப்பு, அதற்கு மேலே நான். அதாவது மணிக்கட்டுக்குக் கீழே நான். ஆரஞ்சைப் பிடித்திருக்கிற சுண்டுவிரலில் ஊசி குத்திய தழும்பைக்கூட விடாமல் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பழம் அழுகும்வரை என்னைப் பிடிக்கச் சொன்னீர்கள். ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, "பேசு, பாடு, என்ன வேணா பண்ணு, கைய மட்டும் ஆட்டாத" என்பீர்கள். நானும் பேசுவேன், பாடுவேன். நீங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அப்போது அதுவே சந்தோஷமாக இருந்தது. அந்தக் கூடத்தில் நின்றபோது அழுகை வந்துவிட்டது, சீமாட்டி அவள் படத்தின் அழகுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

படத்துக் கைக்கு அளவாகவே செய்து கொடுத்தேன். கல்யாணத்தன்று தேவாலயப் படியிலேயே இரண்டும் தையல்விட்டுப் பிளந்தனவாம். எங்கள் கடைத் தையல் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடையில் கூட்டம், இத்துடன் நிறுத்துகிறேன்.

வினிஃப்ரெட்

*

லண்டன்
1774 டிசம்பர் 12

அன்பு வினி,

சீமாட்டி கதையைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கடைசி வரியில் சிரிப்பு போய்விட்டது.

இங்கே படச்சட்டம் அடிக்கும் ராஷ்ஃபர்டும் நம்மூர்க்காரன்தான். படத்தைப் பார்த்துவிட்டு, "சாம்பல்னு போட்டுட்டுப் போய்யா, லண்டன்ல எவன் வந்து சரிபாக்கப் போறான்?" என்றான். சாம்பல் கட்டியை எடுத்தேன். வைக்க மனம் வரவில்லை.

நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். க்ளான்டார்ஃப் கடற்கரையில் காற்று உன் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போன நாள். அலை விலகிய மணலில் வானம் விழுந்து கிடந்தது, நீ பாவாடையைத் தூக்கிக்கொண்டு தொப்பிக்குப் பின்னால் ஓடினாய். மணலின் நிறம் தெரிகிறது. ஈரத்தில் நனைந்த பாவாடை ஓரம் இரண்டு நிறமாகப் பிரிந்தது தெரிகிறது. தொப்பியோடு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்த இடத்தில் வெளிச்சம் மட்டும்தான் இருக்கிறது.

நீ இங்கே வந்துவிடேன். வடக்குப் பார்த்த நல்ல ஜன்னல் இருக்கிறது. ஒரே ஒரு காலை வந்து என் எதிரில் உட்கார். பிப்ரவரி முடிவதற்குள் படத்தைக் கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டும்.

உன்
பார்ட்டில்

*

டப்ளின்
1775 ஜனவரி 9

அன்புள்ள பார்ட்டில்,

வர மாட்டேன். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான், ஆனால் யோசித்துத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு குளிர்காலம், ஐரிஷ் ஓவியன் என்றால் அங்கே நல்ல கிராக்கி, முடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று ரிங்ஸெண்ட் துறைமுகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். அப்போதும் கையைத்தான் பிடித்தீர்கள். அதன் பிறகு எத்தனை குளிர்காலம் போனது என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். இப்போது கூப்பிடுகிறீர்கள், நான் வேண்டும் என்று இல்லை, படத்துக்கு ஒரு கண் வேண்டும் என்று.

கண்ணின் நிறத்தைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு சொல். சொன்னால் நீங்கள் அந்தக் கட்டியை எடுத்துப் போட்டுவிடுவீர்கள். லண்டனில் எல்லாரும் ஆகா என்பார்கள். நான் இன்னொரு பாலிகாரன் சீமாட்டியாகத் தொங்குவேன். எனக்கு அது வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரே காலையில் வரைந்து முடித்தீர்களே, அந்தக் கை இப்போது இல்லை. விரல் முட்டியெல்லாம் வீங்கிவிட்டது. ஊசி பிடிக்க முடியவில்லை, தைப்பதெல்லாம் கடையில் வேலைக்கு இருக்கும் பிரிஜிட்தான். நான் வெட்டித் தருவதோடு சரி. ஆரஞ்சை இப்போது கொடுத்தால் கீழே போட்டுவிடுவேன்.

உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் வரையுங்கள். தெரியாததை அப்படியே விட்டுவிடுங்கள்.

வினி

*

லண்டன்
1775 மார்ச் 28

அன்பு வினி,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். நெற்றியையும் தாடையையும் சுண்ணம் அழிக்கிற ரொட்டித் துண்டால் துடைத்து எடுத்தேன். முகத்துக்கு விட்ட இடத்தில் வெறும் நீலத்தாள்தான். கண்காட்சிக்கு அனுப்பவில்லை. ராஷ்ஃபர்ட் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே சட்டம் போட்டு, கண்ணாடி பொருத்திக் கொடுத்தான்.

உன் கை வீங்கியதைப் படித்ததும் திருத்த உட்கார்ந்தேன். என் கைக்கு அது வரவில்லை. பழையதுதான் அதற்குத் தெரியும். மன்னித்துக்கொள்.

படத்தை டப்ளின் கப்பலின் கேப்டன் டோரனிடம் கொடுத்திருக்கிறேன். சுண்ணம் தாளில் ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் சும்மா பேருக்குத்தான், தட்டினால் உதிர்ந்துவிடும். மெதுவாகப் பிரி.

இனி எதுவும் கேட்க மாட்டேன். பிடிக்கவில்லை என்றால் அடுப்பு பற்றவைத்துக்கொள்.

பார்ட்டில்

*

டப்ளின், கேபல் தெரு
1775 ஏப்ரல் 30

அன்பு பார்ட்டிலுக்கு,

படம் வந்து சேர்ந்தது. டோரன் அதைக் குழந்தை மாதிரித்தான் தூக்கிவந்தார், ஆனால் கடல் சும்மா விடவில்லை. வழியில் கண்ணாடி நழுவி உரசியிருக்கிறது. சட்டத்தின் அடியில் ஒரு சிட்டிகைத் தூள். கையுறைக்கும் உடுப்பின் லேஸ் ஓரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. விரல் முட்டிகளில்தான் சுண்ணம் இழுபட்டு, ஒவ்வொன்றும் உப்பிப்போய் இருக்கிறது. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல். உங்கள் கைக்கு வராததைக் கப்பல் செய்துவிட்டது.

பிரிஜிட் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, தலையப் போட மறந்துட்டாரா?" என்றாள். பூனை வந்து மோந்து பார்த்துத் தும்மியது. கடையின் பின்னறையில், ஜன்னலுக்கு எதிரில் மாட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், மாட்டும்போது எனக்கு வெறுப்பாகத்தான் இருந்தது. கடைசியில் இவரிடமிருந்து இதுதானா கிடைத்தது என்று.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன் அதன் எதிரில் நின்றேன். நல்ல வெயில். கை, லேஸ், உடுப்பு எல்லாம் சுண்ணம். அவற்றுக்கு மேலே இருட்டுத் தாளும் கண்ணாடியும் மட்டும்தான். அந்த இடத்தில் என் முகம் வந்து நின்றது. அரை அடி பின்னால் நகர்ந்தேன், கழுத்தோடு சரியாகப் பொருந்திவிட்டது. நரைத்த முடி, வாயோரத்துச் சுருக்கம், எல்லாமே. இவ்வளவு நாள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத படம், பார்ட்டில். பிரிஜிட் வந்து கடைக்குக் கூப்பிடும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.

இப்போது தினமும் பார்க்கிறேன். மழை நாளில் முகம் வருவதில்லை, அதனால் மழையின் மேல் கோபம் வருகிறது. சிரித்தால் அதுவும் சிரிக்கிறது. நீங்கள் வரைந்திருந்தால் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

இந்தப் படத்தை நீங்கள் முடிக்க வேண்டாம். மே மாதத்தில் கடல் அமைதியாக இருக்கும் என்கிறார் டோரன். சுண்ணப் பெட்டியை ராஷ்ஃபர்டிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வாருங்கள். உங்கள் நாற்காலியிலிருந்து பூனையை இறக்கிவிட்டேன், அது இன்னும் என்னோடு பேசவில்லை. வந்ததும் படத்தைப் பார்க்க ஓடாதீர்கள். நான் அதன் எதிரில் நிற்பேன். நீங்கள் என் பக்கம் திரும்பி நில்லுங்கள்.

என்ன நிறம் என்று அப்போது நீங்களே சொல்லுங்கள்.

உங்கள்
வினி