எல்லாச் சரணங்களும்

மச்சான்,

இன்று கேளம்பாக்கம் மளிகைக் கடையில் யாரோ கை தவறிக் கடுகு எண்ணெய் பாட்டிலைப் போட்டு உடைத்துவிட்டார்கள். கடைக்காரர் மரத்தூளைக் கொட்டிக்கொண்டே எரிந்து விழுந்தார். சுற்றியிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் வாங்க வந்ததை மறந்து அங்கேயே நின்றேன். அந்தக் காட்டம் மூக்கில் ஏறியதும், சிறுசேரியில் வடநாட்டுக் கட்டட வேலைக்காரர்களின் தகரக் கொட்டகைகளுக்கு நடுவே உன் பின்னால் நான் முணுமுணுத்துக்கொண்டு நடந்த அந்த மத்தியானம் வந்துவிட்டது.

அன்று கொட்டகை வாசலில் யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். "யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது, தைலம் காய்ச்சுகிறார்கள்" என்று நான் சொல்ல, நீ நின்று திரும்பி என்னைப் பார்த்தாய். "வாத்தியாரே, வாயத் தொறக்காத. அவங்க ஊரு எண்ணெ அது" என்றாய். இத்தனைக்கும் உனக்கே அது முந்தின நாள்தான் தெரியும்.

ஐ.டி. கம்பெனி ஆட்களை வேனில் ஏற்றி இறக்கும் வேலை உனக்கு. தினமும் அந்தக் கொட்டகைகளைத் தாண்டித்தான் போவாய். எல்லோர் கண்ணுக்கும் அங்கே எழும்பிய கட்டடம்தான் தெரிந்தது. உன் கண்ணுக்கு மட்டும் மண்மேட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தெரிந்தார்கள். "பெரியவங்க வேலைக்குப் பூட்றாங்க. சின்னதுங்கள பால்வாடில வுட்றாங்க. நடுவுல கீற இந்த வயசுப் புள்ளைங்கதான் எங்க போறதுன்னு தெரியாம ஒக்காந்துகினு கீதுங்க. நம்ம கோயில் ஹாலு மத்தியானம் சும்மாதான பூட்டிக் கெடக்குது?" என்று கேட்டாய். அப்படித்தான் நம் கோவளத்துச் சபையின் ஹால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் திறந்தது. சுண்டல், டீ, ஒரு கேரம் போர்டு. பெரிய திட்டமெல்லாம் ஒன்றுமில்லை.

முதல் வாரம் நீ செய்ததை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். வேனில் வரும் பையன்களிடம் கேட்டுக் கேட்டு இந்தியில் ஒரு பேச்சை மனப்பாடம் செய்து வந்திருந்தாய். இஸ்திரி போட்ட சட்டை வேறு. கடவுள் உலகத்தைப் படைத்ததில் ஆரம்பித்து, மூச்சுவிடாமல், இயேசு என்று ஒருவர் இருந்தார், அவரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள் என்பதுவரை வந்துவிட்டாய். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் சுண்டலை மென்று முடித்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"அண்ணா, தமிழ்லயே சொல்லு. உன் ஹிந்தி ரொம்ப பேஜாரா கீது."

உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் திரும்பிக்கொண்டேன். அவள் அதோடு விடவில்லை. "நாங்க கிறிஸ்டீன்தான். எங்க தாத்தாவுக்குத் தாத்தாவே ஞானஸ்நானம் வாங்கினவரு. எங்க ஊரு கோயில்ல பெரிய மணி கீது, இங்க இல்ல" என்றாள். ஜார்க்கண்ட் மலைக்காட்டுப் பக்கத்துப் பெண். பெயர் சலோமி. பதினைந்து வயசு. அப்பாவும் அம்மாவும் சென்ட்ரிங் வேலை. சிறுசேரிக் கொட்டகைகளில்தான் தமிழ் நன்றாகப் பழகியிருந்தாள், அதனால் பேச்சு அப்படியே உன் பேச்சு. வந்தவர்களில் பாதிப் பேர் அவளைப் போலத்தான். மீதிப் பேர் ஒடிசாப் பிள்ளைகள், கேரம் ஆட வந்தவர்கள். அவர்களை நீ அதற்கப்புறம் எதற்கும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யவில்லை. "வந்தா டீ, அவ்ளோதான்" என்றாய். அந்த மனப்பாடப் பேச்சை அத்தோடு மூட்டை கட்டினாய்.

சலோமி காலை ஆராதனைக்கும் வர ஆரம்பித்தாள். கடைசிப் பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். அப்பமும் ரசமும் கொடுக்கும் ஒரு திருவிருந்து நாளில்தான் நீ என் விலாவில் இடித்தாய். பெஞ்சு பெஞ்சாக ஜனங்கள் எழுந்து முன்னால் போனார்கள். அவள் மட்டும் காலை மடக்கிக்கொண்டு எல்லோருக்கும் வழிவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். "அந்தப் புள்ளயப் பாத்தியா. எல்லாருக்கும் வழி வுட்டுகினே கீது" என்றாய்.

வெளியே வந்து அவளிடம் கேட்டோம். பேராயர் தலையில் கை வைத்துச் செய்யும் திடப்படுத்தல் ஆகாமல் திருவிருந்து எடுக்க முடியாது என்பது அவர்கள் ஊரிலும் சட்டம். அதற்கு மாதக்கணக்கில் வகுப்புக்குப் போகவேண்டும். ஹைதராபாத்தில் போனாள், பாதியில் கட்டடம் முடிந்துவிட்டது. கோயம்புத்தூரிலும் அப்படித்தான். அவளோடு பிறந்து வளர்ந்த பெண்கள் எல்லாம் ஊரில் எடுத்துவிட்டார்களாம். "நான் வகுப்பு முடிக்கிறதுக்குள்ள கட்டடம் முடிஞ்சிருது" என்று சிரித்தபடியே சொன்னாள். நீ சிரிக்கவில்லை.

அவளுக்கு இங்கேயே திடப்படுத்தல் செய்யவேண்டும் என்று சபைக் கமிட்டியில் நீ பேசியது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. பொருளாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும், "மெம்பர் இல்லாத பிள்ளைங்களுக்கு எப்படிங்க செய்யறது? வேணும்னா அவங்களுக்குத் தனியா ஒரு மத்தியான ஆராதனை வெச்சிக்கலாமே" என்றார். நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "ஐயா, நானும் இந்த வாத்தியாரும் படாளத்துக்காரங்க. எங்க தாத்தாங்க அந்தக் காலத்துல கோயிலுக்கு வெளிய தரையில ஒக்காந்து பிரசங்கம் கேட்டவங்க. தனியா வெக்கிறது இன்னான்னு எங்களுக்குத் தெரியும்" என்றாய். அவ்வளவுதான். அதற்குமேல் அந்த அறையில் யாரும் தனி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. போதகர் ஐயா அவள் ஊர்ப் போதகரிடம் போனில் பேசி விவரம் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். பாடம் நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. நான் தமிழில் சொல்வேன், அவள் இந்தி எழுத்தில் எழுதிக்கொள்வாள், ஒப்பிக்கும்போது கோவளம் பஸ் கண்டக்டர் மாதிரி ஒப்பிப்பாள்.

பேராயர் வருவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிறுசேரிக் கட்டடம் முடிந்துவிட்டது. ஒரே நாளில் கொட்டகைகளைப் பிரித்து, எல்லோரையும் லாரியில் ஏற்றி ஒரகடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாவது முறை. எனக்கு மனசு விட்டுப்போனது. நீ வேன் முதலாளியிடம் போய் ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டியைக் கேட்டுவிட்டு வந்து, "நான் இட்டுகினு வந்துட்றேன். நீ கோயிலப் பாத்துக்க" என்றாய்.

அன்று கோயில் நிரம்பியிருந்தது. பேராயர் முன்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாகப் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள், சலோமியின் இடம் மட்டும் காலி. பாட்டு அறிவிப்பது என் பொறுப்பு. அந்தப் பாட்டு முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து உன் போன். தூணுக்குப் பின்னால் போய் எடுத்தேன். "வாத்தியாரே, வண்டலூராண்ட மாட்டிகினேன். கண்டெய்னர் லாரி ஒண்ணு குறுக்க நின்னுகினு கீது. இப்பதான் நவுறுது. வுட்டுடாத."

நம் கோயிலில் நீளமான பாட்டை யார் முழுசாகப் பாடினார்கள்? முதல் சரணம், இரண்டாம் சரணம், கடைசிச் சரணம். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போகவேண்டும் அல்லவா. நான் மைக்கில் போய், "எல்லாச் சரணங்களும்" என்றேன். ஆர்மோனியக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை முறைத்தார். பதினோரு சரணம். யாரும் எப்போதும் பாடியிராத நடுச் சரணங்களில் ஜனங்கள் தட்டுத் தடுமாறினார்கள். பேராயர் மட்டும் உற்சாகமாகப் பாடினார். பத்தாவது சரணத்தில் எனக்குத் தொண்டை வறண்டுபோனது. பதினோராவதும் முடிந்தது. வேன் வரவில்லை. போதகர் ஐயா என்னைப் பார்த்தார், காலி இடத்தைப் பார்த்தார். பிறகு அவரே எழுந்து நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு கீர்த்தனையைச் சொல்லி, "இதிலும் எல்லாச் சரணங்களும்" என்றார்.

அதன் பாதியில் உன் வேன் சத்தம் கேட்டது. சலோமி வாசல்வரை ஓடிவந்து, அங்கிருந்து நடந்தாள். அவர்கள் ஊர் வழக்கப்படி சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை. பின்னால் அப்பா, அம்மா, சோப்பு வாசனையோடு அந்த ஒடிசாப் பையன்களும். அவள் போய் வரிசையில் முழங்கால் போட்டாள். நீ வேர்வையைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாய். திருவிருந்து நேரம் வந்தபோது அவள் திடப்படுத்தல் முடிந்து திரும்பி வந்து குடும்பத்தோடு அந்தப் பெஞ்சில்தான் இருந்தாள். அவள் எழுந்ததும் நீ காலை மடக்கிக்கொண்டு அவளுக்கு வழிவிட்டாய். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மச்சான். அதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. டீ குடிக்கும்போது நீ, "பதினோரு சரணமாடா பாட வெச்ச, பாவிப் பயலே" என்று என் முதுகில் ஒன்று வைத்தாய்.

போன மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சுவலி வந்தது. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சலோமி இப்போது ஓசூர்ப் பக்கம் இருக்கிறாள். வரமுடியவில்லை என்று போனில் அழுதாள். "அண்ணனுக்குப் பாட்டெல்லாம் முழுசா பாடுனீங்களா?" என்று கேட்டாள். மழையில் அவசர அவசரமாக, பாட்டைச் சுருக்கி, அடக்கம் செய்திருந்தோம்.

அடுத்த ஞாயிறு மைக் முன்னால் நின்றபோது, "எல்லாச் சரணங்களும்" என்றேன். ஆர்மோனியக்காரர் முறைக்கவில்லை. கோயில் முழுக்கப் பாடியது. இப்போதும் நான் ஒரு சரணத்தைக்கூட விடுவதில்லை. ஜனங்கள் முனகுகிறார்கள், முனகட்டும், யாராவது வழியில் வந்துகொண்டிருப்பார்கள். ஆனால் உன் அடக்கத்துக்கு அடுத்த அந்த முதல் ஞாயிறு நான் உன்னைத் தவிர வேறு யாருக்காகவும் அப்படிச் சொல்லவில்லை. கடைசிச் சரணம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.