கடைசித் தவணை ஆயிரத்தைந்நூறு

4 ஜனவரி 1976, பெருமாட்டி

கிணற்று மோட்டாருக்கு மூன்று வருடமாக மாதம் எழுபது ரூபாய் கட்டுகிறோம். இந்த மாதத்தோடு முடிகிறது. கடைசித் தவணை மட்டும் ஆயிரத்தைந்நூறு! எழுபது எழுபதாகக் கட்டியவனிடம் கடைசியில் ஏன் இப்படி? பாலிடெக்னிக்கில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. அய்யனைக் கேட்டால், "எல்லாரும் அப்படித்தான்டா கட்டறாங்க." காளைகளை விற்கப் போகிறாராம்.

6 ஜனவரி

கொல்லங்கோட்டில் மோட்டார் விற்ற நல்லமுத்துவிடமே போய்க் கேட்டேன்.

"கட்டாட்டி என்ன பண்ணுவீங்க?"

"மோட்டாரக் கழட்டிக்குவோம் தம்பி."

"பாக்கிக் கடன்?"

"மோட்டாரோட தீந்துச்சு. ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் கழட்ட உட்டதில்லீங்க." சிரித்தார்.

ஏன் விடவில்லை? மூன்று வருடம் ஓடிய மோட்டார் எண்ணூறுக்கு மேல் போகாது. அதற்கு ஆயிரத்தைந்நூறா? தெரிந்தேதான் கொடுக்கிறார்களா?

7 ஜனவரி

கட்ட வேண்டாம், மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போகட்டும் என்று அய்யனிடம் சொன்னேன். கத்தினார். "ஊரே பாக்க எவனோ ஒருத்தன் நம்ம கெணத்துல எறங்கி மோட்டார ஏத்துவான். அப்புறம் உன் தங்கச்சியப் பொண்ணுக் கேட்டு எவன்டா வருவான்?"

ஓ. மீதி எழுநூறு இதற்குத்தானா.

9 ஜனவரி

என் சைக்கிளை விற்று, சித்தூரில் உள்ளே கம்பிச் சுருள் எரிந்துபோன பழைய மோட்டார் ஒன்று வாங்கினேன். கம்பி சுற்ற எனக்குத் தெரியும்.

11 ஜனவரி

அய்யன் என்னோடு பேசுவதில்லை. சோறு போடும்போது அம்மா சொன்னாள்: "அவன் எதுக்கு நம்ம கெணத்துக்கு வரோணும்? நாமளே கொண்டுபோய்க் குடுத்தா?"

அட, எனக்கு ஏன் இது தோன்றவில்லை! அய்யன் நிமிர்ந்து பார்த்தார். அது போதும்.

18 ஜனவரி

மாட்டுப் பொங்கலுக்குப் பூசிய கொம்புச் சாயம் இன்னும் அழியவில்லை. மோட்டாரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வண்டியில் ஏற்றினோம். அய்யன் வெளுத்த வேட்டியில். வழியில் காளிச்சாமி மாமா, அம்மாவின் தம்பி, வண்டியை மறித்தார்.

"என்னுங் மச்சான், மோட்டாருக்குச் சீரா?"

"ஆமா மாப்ள. பொறந்த ஊட்டுக்கு அனுப்பறோம்."

அய்யன் சிரித்து எத்தனை நாளாயிற்று! நல்லமுத்துதான் இன்று சிரிக்கவில்லை.

20 ஜனவரி

நான் சுற்றிய மோட்டார் புகைந்தது. சனியன். மறுபடி முதலிலிருந்து.

23 ஜனவரி

ஓடுகிறது! கடலைக்குத் தண்ணீர் பாய்ந்தது. வாடின செடி கொஞ்சம்தான்.

1 பிப்ரவரி

காளிச்சாமி மாமா வந்தார். அவர் மோட்டாருக்குப் பங்குனியில் கடைசித் தவணை. கணக்கெல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தேன். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காப்பி குடித்துவிட்டு அய்யனிடம் மெதுவாகக் கேட்டார்:

"மச்சான், பங்குனில உங்க வண்டி சும்மா இருக்குமுங்களா?"