டன்லினைக் கொடுத்துவிடுவதாக இருந்தேன்

பர்ன்சைடு
24 நவம்பர் 1991, ஞாயிறு

அன்பு மகள் ரோனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர்த்துப் பார்த்தால் நான் நலம், நாய்கள் இரண்டும் நலம், கூரையும் இந்தக் குளிர்காலத்தைத் தாங்கிவிடும் போலத்தான் தெரிகிறது. நீயும் மாப்பிள்ளை மார்ட்டினும் நியூசிலாந்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கும்போது உனக்கு அங்கே கோடை தொடங்குகிறது என்பதை என் மண்டை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. போனில் பேசாமல் அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது. அது ஒரு நாயைச் சுற்றிக்கொண்டுதான் வரும், பொறுமையாகப் படி.

டன்லினை நீ பார்த்ததில்லை. நீ போன பிறகு வாங்கிய கறுப்பு லாப்ரடார் குட்டி, இப்போது ஒன்றரை வயது. பிரேக்கனுக்குப் பதினொன்று ஆகிவிட்டது, மத்தியானத்துக்கு மேல் பின்னங்கால் இழுக்கிறது, சுட்டு வீழ்த்திய பறவைகளை நாள் முழுக்கத் தேடி எடுத்துவர அவனால் இனி ஆகாது. துப்பாக்கிக்காரர்களுக்குப் பின்னால் நாயோடு நிற்பதை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது என்பது உனக்கே தெரியும். உன் அப்பா போன பிறகு என்னை வீட்டை விட்டு வெளியே இழுத்ததும் அதுதான். அதனால் இந்தக் குட்டியைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தேன். பழக்குவதற்காகப் பறவைக்குப் பதில் எறிகிற துணிப்பொதி டம்மி பத்து எறிந்தால், அதில் ஏழு டம்மிகளை நானே நடந்து போய்ப் பொறுக்கினேன், அவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். விழுவதெல்லாம் தனக்கில்லை என்று குட்டிக்குத் தெரிய வேண்டுமே. அப்புறம் விசில். நீளமாக ஒருமுறை ஊதினால் ஓடுகிற இடத்திலேயே உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும், நான் கையால் வலமா இடமா என்று காட்டுவேன். மே மாதத்துக்குள் நூறு கெஜத்துக்கு அப்பால் ஓடுகிறவன் ஒரே ஊதலில் பொத்தென்று உட்கார்ந்து திரும்புவான். சொல்லு, என்ன செய்யணும் என்று கேட்கிற மாதிரி இருக்கும் அந்தப் பார்வை. இப்படி ஒரு குட்டி எனக்கு வாய்த்ததே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஆகஸ்டில் கல்சுவர் ஏறும்போது வழுக்கி மார்பு அடிபட விழுந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் திட்டுவாய். பத்து நாள் படுத்து எழுந்து மறுபடி வயலுக்குப் போனால் குட்டி அடியோடு மாறிப்போயிருந்தான். ஊதுகிறேன், ஓடிக்கொண்டே இருக்கிறான். மறுபடி ஊதுகிறேன், காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வயசுத் திமிர் என்று நினைத்தேன். சிறுவயதில் நீயே செய்திருக்கிறாய், அந்த முறைப்படி நடந்து போய்ப் பிடித்து, நின்றிருக்க வேண்டிய இடத்துக்கே கொண்டுவந்து உட்கார வைத்து, மூஞ்சிக்கு நேரே ஊதினேன். ஒரு நாளைக்கு இருபது தடவை, இந்த முழங்காலோடு. முதலில் பொறுமையாக, பிறகு கழுத்துத் தோலைப் பிடித்து உலுக்கி. அக்டோபர் வந்தபோது நான் எதிரே நடந்து வந்தாலே அவன் வயிறு தரையில் படப் பதுங்க ஆரம்பித்துவிட்டான். குற்றம் உள்ளவன்தான் பதுங்குவான் என்று அதையும் அவன் கணக்கிலேயே சேர்த்தேன். பிரேக்கன் மட்டும் ஒழுங்காக நின்றான். அவன் கொஞ்சம் ஓடினதும் தானாகத் திரும்பி என் கையைப் பார்க்கிற பழைய கிழவன், அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த மாத முதல் சனிக்கிழமை ஃபெசன்ட் பறவை வேட்டைக்கு அவனையும் கூட்டிப் போனேன், எல்லாருக்கும் முன்னால் மானம் போயிற்று. விழுந்த பறவையைத் தாண்டி ஓடி, அடுத்த சுற்றுக்காக வைத்திருந்த காட்டுக்குள் நுழைந்து அத்தனை பறவைகளையும் கிளப்பிவிட்டான். நான் கன்னம் வலிக்க ஊதிக்கொண்டு நின்றேன். வேட்டைக்காவலர் டெயிட் அதிகம் பேசமாட்டார், உனக்குத் தெரியும். கிட்டே வந்து, 'எல்ஸ்பெத், ஒண்ணு அந்த நாய் வீட்டுல இருக்கட்டும், இல்லேன்னா நீங்க ரெண்டு பேருமே வீட்டுல இருங்க' என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாளே வில்லி லேயிங்கிடம் சொல்லி அனுப்பினேன். மனைவி போனதிலிருந்து துணைக்கு ஒரு நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாரே, அவர்தான்.

நேற்றுக் காலை கயிறும் கையுமாக வந்தார். இவ்வளவு நல்ல நாயை எதற்குத் தருகிறாய் என்று சந்தேகப்பட்டார். வாங்க, நீங்களே பாருங்க என்று டர்னிப் வயலுக்குக் கூட்டிப் போனேன். டன்லினை அனுப்பினேன், பாதி வயல் போனதும் விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினேன், அவன் ஓடிக்கொண்டே இருந்தான். பார்த்தீங்களா என்கிற மாதிரி வில்லி பக்கம் திரும்பினேன். அவர் நாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சரிம்மா, ஊது' என்றார். ஊதியாச்சே என்றேன். 'எங்க ஊதுன? கஞ்சி ஆத்துற மாதிரி புஸ்ஸுன்னு காத்துதான் வருது' என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, உங்களுக்குத்தான் காது போச்சு என்று சண்டைக்கே போனேன். மனிதர் விசிலைப் பிடுங்கித் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் நீளமாக ஒரு விரிசல். ஆகஸ்டில் நான் மார்பு அடிபட விழுந்தது, கழுத்தில் தொங்கிய அந்த விசிலின் மேல்தான்.

என்ன சொல்வது ரோனா. வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறதே உன்னுடைய பச்சை விசில், அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு போனேன். ஒரே சுருதி, ஒன்று தொலைந்தால் ஒன்று இருக்கட்டும் என்று உன் அப்பா ஜோடியாக வாங்கியது. டன்லினை மறுபடி அனுப்பினேன், அவன் பயந்து பயந்துதான் போனான். வேலியோரம் போனபோது ஊதினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு துளிகூட. நூறு கெஜத்துக்கு அப்பால் நாய் பொத்தென்று உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்ததை மட்டும் பார்த்தேன். 'இப்ப சரியா கேட்டுச்சு' என்றார் வில்லி. முப்பது வருடம் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் வெறும் காதோடு நின்றதற்கு இதுதான் மிச்சம். விசில் சத்தம் எனக்குக் கேட்காமல் போய் எத்தனை வருடம் ஆகிறதோ, நாய் நிற்பதை வைத்தே விசில் ஒலிப்பதாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை போடாத உத்தரவுக்கு மூன்று மாதம் அடங்கவில்லை என்று திட்டு வாங்கியிருக்கிறான். வயல் நடுவிலேயே மண்டி போட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் என் காதை நக்கினான். வில்லி வெறும் கயிற்றோடுதான் திரும்பிப் போனார். 'எனக்கு வேணாம்மா, இது உன் நாய்' என்றார், ஆனால் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் போனார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. எதிரே நிற்கிறவர்கள் பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுகிறேன். போனில் உதடு ஏது? உன் குரல் வேறு சின்னப் பெண் மாதிரி மெல்லிய குரல். இந்த இரண்டு வருடமாக நீ பேசியதில் பாதி எனக்குக் காதில் விழவில்லை, கேட்டால் கிழவியாகிவிட்டேன் என்று நினைப்பாயோ என்று ஆமாம், நல்லது, அப்படியா என்று ஒப்பேற்றினேன். அக்டோபரில் ஒரு ஞாயிறு நீ ரொம்ப நேரம் பேசினாய். நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினாய். நான் வழக்கம்போலச் சிரித்து, ரொம்ப நல்லதாப் போச்சு, அப்படித்தான் இருக்கணும் என்றேன். நீ அதற்கப்புறம் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். அதன் பிறகு போனே இல்லை, இரண்டு வரி எழுதிய பட அட்டை மட்டும் வந்தது. எனக்கும் வீம்பு வந்தது, பெரிய ஊருக்குப் போனதும் அம்மா வேண்டாதவளாகிவிட்டாள் என்று வில்லியிடம்கூடக் குறை சொன்னேன். நேற்று அந்த நாய் பதுங்கியதை நினைத்தபோதுதான் உன் மௌனம் எனக்குப் புரிந்தது. நீ என்ன சொன்னாய் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது கண்ணே. நான் சிரித்தது அதைக் கேட்டு அல்ல.

வியாழக்கிழமை டவுனில் காது பார்க்கும் டாக்டரிடம் போகிறேன், மெஷின் வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்வேன், முரண்டு பிடிக்கமாட்டேன். நீயும் துப்பாக்கி சுடுகிற பக்கம் போனால் காதை அடைத்துக்கொள், உன் அம்மா புத்தியில் போகாதே. ஈரச் சாக்ஸோடு அலையாதே. கடவுள் உன் கூடவே இருந்து உன்னைக் காப்பாற்றட்டும். மார்ட்டினை நான் கேட்டதாகச் சொல், இன்னும் பேசிக்கொள்கிற நிலையில் நீங்கள் இருவரும் இருந்தால். மறக்காமல் ஒன்றே ஒன்று செய். அன்று சொன்னதை எனக்காக இன்னொரு முறை காகிதத்தில் சொல். பெரிய எழுத்தாக எழுத வேண்டாம், கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. நீ எழுதி முடிக்கும் வரைக்கும், எத்தனை வாரம் ஆனாலும், உன் பக்கம் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

எப்போதும் உன்
அம்மா எல்ஸ்பெத்