அம்மிணியின் பதினெட்டாவது நகம்

சௌமிய வருஷம், தை 5. புனலூர்ச் சத்திரம்.

காலையில் மூடுபனி. கைகால் விறைப்பு. ரயில் மலையைக் குடைந்த இருட்டுக்குள் புகுந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அது பெரிதில்லை. நாளை யானைக்கூடு, காட்டு யானையைப் பிடித்துப் பழக்கும் இடம்.

எல்லாம் என் வாய்க்கொழுப்பு. கோயிலுக்கு யானை வாங்கப் பேச்சு வந்த அன்று, லட்சணம் யாருக்குப் பார்க்கத் தெரியும் என்று தர்மகர்த்தா அண்ணாச்சி கேட்டார். "ஏட்டுல படிச்சிருக்கேன்" என்று நான் முந்திக்கொண்டேன். கோயில் மணியம் அல்லவா, சும்மா இருக்க முடிகிறதா! "அப்ப நீரே மலையாளம் போயிட்டு வாரும்வே" என்று முடித்துவிட்டார். யானை என்றாலே நான் தெரு மாறிப் போகிறவன் என்பது கோமு ஒருத்திக்குத்தான் தெரியும். கட்டின மனைவி ஆயிற்றே. அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். முந்தின இரண்டும் தங்கவில்லை. விட்டுவிட்டு வந்ததே பிசகு.

பார்க்க வேண்டியவை: கண் தேன் நிறம். துதிக்கை தரை தொட வேண்டும். வால் முறிவு கூடாது. நாக்கில் கறுப்பு ஆகாது. நகம் பதினெட்டு அல்லது இருபது. ஒற்றைப்படை என்றால் கொண்டு வந்தவன் வீட்டுக்கு ஆகாது.

இந்த ஊர்ச் சோறு கொட்டை கொட்டையாக. தேங்காயெண்ணெய் வாடை.

தை 6. யானைக்கூடு.

வண்டியில் முதுகு போயிற்று. கூடு என்கிறார்கள், பார்த்தால் மரக்கோட்டை. ஒவ்வொரு கம்பமும் ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். உள்ளே புதிதாகக் குழியில் விழுந்த குட்டி ஒன்று கம்பத்தில் முட்டுகிறது, அலறுகிறது. முட்டும்போதெல்லாம் என் குதிகாலில் அதிர்ந்தது.

நமக்குக் காட்டியது அம்மிணி. பழகின பெண் யானை, காட்டில் தேக்குத்தடி இழுத்தது. பாகன் பெயர் கோவிந்தன். அவனும் யானையோடு நம் கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. "பக்கத்துல வரு, பயம் வேண்டா" என்று கூப்பிட்டான். நான் பலாமரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். பின்கால்களில் கணுக்கால் வரை சேறு. முன்கால் இரண்டும் எண்ணினேன், ஐந்தும் ஐந்தும். பின்காலுக்கு வரும்போது புஸ்ஸென்று மூச்சு விட்டது. எண்ணாமலே பதினெட்டு என்று சொல்லிவிட்டேன். கூட்டின் அதிகாரி எழுதிக்கொண்டார்.

தர்மகர்த்தா அண்ணாச்சிக்குக் கார்டு போட்டாயிற்று: லட்சணம் பூரணம், நகம் பதினெட்டு.

தை 10. ஆரியங்காவு.

யானையோடு கூடவே நடந்து வர அண்ணாச்சி உத்தரவு. காலில் கொப்புளம். யானைக்கு முன்னால் நடந்தால் பிடரி கூசுகிறது. பின்னால் நடந்தால் அது திரும்பிப் பார்க்கிறது. ஓரமாகப் போனால் பள்ளம். இன்று எட்டு மைல்.

தை 12. கடையம்.

ராமநதியில் முழங்கால் தண்ணீர். கோவிந்தன் அம்மிணியைப் படுக்கவைத்துத் தேய்த்தான். சேறெல்லாம் போயிற்று. இடது பின்காலில் நகம் மூன்று. நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் வெறுந்தோல். மூன்று தரம் எண்ணினேன். ஆக மொத்தம் பதினேழு.

கோவிந்தனைக் கேட்டேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தடி விழுந்து போன நகம். நீங்க மரத்துக்குப் பின்னால நின்னு பதினெட்டுன்னு பறஞ்ஞு. நான் என்ன பறயும்?"

"திருப்பி அனுப்பினா?"

"பின்னயும் தடி இழுக்கணும். இப்ப நகம் போச்சு. இனி கால் போகும்."

நாலாம் தரமும் எண்ணினேன். பதினேழுதான்.

தை 13. அம்பாசமுத்திரம்.

வெயில். அண்ணாச்சிக்குக் கடிதம் எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். சொன்னால் மானம் போகும், வேலையும் போகும், அந்த ஜீவன் காட்டுக்குப் போகும். சொல்லாவிட்டால் கோமு. ஆகாது என்றால் அது அவள் வயிற்றுப் பிள்ளைக்குத்தானே. வேலை போனால் போகட்டும், இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று மத்தியானம் நினைத்தேன். சாயங்காலம் அம்மிணி ஓலையைத் தின்று முடித்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. கடிதம் எழுதவில்லை.

கோமுவுக்கு அல்வா வாங்கினேன்.

தை 14. ஊர்.

சேரன்மகாதேவி ஆற்றங்கரையில் மேளதாளம், ஊரே கூட்டம். அம்மிணியைக் குளிப்பாட்டிக் கரையேற்றினார்கள். ஓடிவிடலாமா என்றிருந்தது. அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தை என் கையில் திணித்தார்.

"ஏட்டுல படிச்ச மனுஷன் நீரு. நகத்துக்கு நகம் நீரே பொட்டு வையும்வே. எல்லாருங் கேக்க எண்ணும்."

குனிந்தேன். முதல் தரமாக யானையைத் தொட்டேன். மணல் மாதிரிச் சொரசொரப்பு, சூடு. ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே வந்தேன். பதினேழு வைத்தாயிற்று. கோவிந்தன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெறுந்தோலில் சந்தனத்தை அப்பி, "பதினெட்டு" என்றேன். குலவை போட்டார்கள். அம்மிணி அந்தக் காலை லேசாகத் தூக்கி வைத்தது. உயிர் போய் வந்தது.

அண்ணாச்சி அதோடு விட்டாரா! "நாளைக்குக் காலம்பற மொத ஆசீர்வாதம் ஒம்ம வீட்டுக்காரிக்குத்தான். வயித்துப் பிள்ளைக்காரி, கூட்டிட்டு வாரும்வே." சுற்றி நின்றவர்கள் என் பாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

வீடு. விளக்கேற்றும் நேரம். கோமு நாளைக்கு உடுத்தச் சேலை எடுத்து வைத்திருந்தாள்.

"ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? யான எதுவும் செஞ்சிட்டா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பலாமரம், சேறு, பதினேழு, ஒற்றைப்படை, சந்தனம். நாளைக்கு வராதே, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

கோமு சேலையை ஓரமாகத் தள்ளினாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வலது காலை நீட்டினாள்.

"எண்ணுங்க."

சுண்டுவிரலில் நகமே இல்லை. வழவழவென்று தோல்.

"பத்து வயசுல கொழவிக்கல்லு விழுந்து போனது. நம்ம கல்யாணத்துல இந்தக் காலைப் பிடிச்சுத்தான அம்மியில வச்சிய? மெட்டியும் மாட்டுனிய. அப்ப எங்க பாத்துக்கிட்டு இருந்திய?"

ஆறு வருஷம். இரண்டு காலிலும் சேர்த்து ஒன்பது நகம். எனக்குத் தெரியவில்லை. மாலையும் கழுத்துமாக அவள் கால் என் கையில் இருந்தபோது, எல்லாரும் பார்க்கிறார்களே என்ற நடுக்கம்தான் ஞாபகம்.

"அப்பிடின்னா இந்த வீட்டுக்கு நானும் ஆகாதவதான?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை.

இல்லை, இல்லை என்றேன். 

"நாளைக்கு நான் போவேன். பக்கத்துல என் கையப் பிடிச்சுக்கிட்டு நீங்க நிக்கணும். மரத்துக்குப் பின்னால இல்ல."

சரி என்று சொல்லிவிட்டேன். இப்போதே உள்ளங்கை வியர்க்கிறது.