மெஸ் சுவரில் இத்தாலி

என் செல்வி அக்காவுக்கு,

நீ போன பிறகு மெஸ்ஸில் நடப்பதையெல்லாம் சொல்ல ஆளில்லாமல் தவித்துப்போனேன். இன்று நல்ல சேதி இருக்கிறது. உன் இத்தாலிப் படங்கள் மறுபடியும் சுவரேறிவிட்டன.

நாமக்கல் பைபாஸில் மெஸ் தொடங்கிய புதிதில், பழைய மேசை நாற்காலி வாங்க நாம் சேலம் போனது நினைவிருக்கிறதா? ஏற்காட்டில் ஏதோ பழைய பங்களாவைக் காலி செய்து, சாமான்களை அந்தக் கடையில் குவித்திருந்தார்கள். நான் மேசைக் கால்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ ஒரு மூலையில் உட்கார்ந்து, தடித்த அட்டைகளுக்கு நடுவே இருந்த வண்ணப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாய். ரோமாபுரியின் பாதி இடிந்த வட்ட அரங்கு. ஃப்ளாரன்ஸ் தேவாலயத்தின் செங்கல் நிறக் கும்மட்டம். தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் வெனிஸ் மாளிகைகள். வெள்ளைக்காரன் காலத்து அச்சு என்றார் கடைக்காரர். மேசையோடு அந்தப் படக் கட்டையும் வண்டியில் ஏற்றிவிட்டாய்.

உன் வீட்டுக்காரர், என் மாமா, பார்த்ததுமே முகம் சுளித்தார்.

"ஏஞ் செல்வி, சோறு திங்கற எடத்துல இடிஞ்ச கட்டடத்தயெல்லாம் மாட்டுவாங்களா?"

"மாட்டலாமுங்க. லாரிக்காரங்க நாளெல்லாம் ரோட்டயேதான் பாக்கறாங்க. திங்கற நேரத்துலயாவது வேற ஒண்ணப் பாக்கட்டுமே."

சுவருக்கு வெளிர் மஞ்சள் மட்டும் போதும் என்றாய். மற்ற கடைகளில் படமும் காலண்டரும் கூரையை ஒட்டித் தொங்கும். நீ பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, சாப்பிடுகிறவர் கண் மட்டத்துக்கு ஆணி அடிக்கச் சொன்னாய். சாயம் வெளுத்துவிடும் என்று, மேற்கு வெயில் விழும் சுவரைத் தொடவே இல்லை. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரிந்தது அக்கா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. உன் காரியம் முடிந்த மறுநாளே மாமா எல்லாப் படங்களையும் கழற்றி, உன் பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் ஆட்டையாம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து உன் கல்லாவில் உட்கார்ந்தேன். கடை ஓடியது. சுவர்தான் ஆணித் துளைகளோடு வெறிச்சென்று கிடந்தது.

போன மாதம் மாமா பரோட்டாவும் சிக்கனுமாகப் படம் போட்ட பெரிய ஃபிளெக்ஸை அந்தச் சுவரில் ஒட்டிவிடலாம் என்றார். அன்று மதியம் ஒரு டிரைவர் கை கழுவிவிட்டு வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றார்.

"ஏனுங்க, தண்ணிக்குள்ள ஊடு கட்டியிருந்த படம் ஒண்ணு இருந்துச்சே, எங்கீங்க? அதுக்கு எதுத்தாப்பலதான் நான் எப்பவும் உக்காருவேன்."

மாமா காதிலும் விழுந்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டம் ஓய்ந்ததும் கேட்டேவிட்டேன்.

"மாமா, படத்தயெல்லாம் திரும்ப மாட்டறனுங்க."

"வேண்டாஞ் சாமி. மாட்டுனா அவ வந்துருவாளா?"

"அக்கா வராதுங்க. அது ஆசையா மாட்டுனதப் பரண்ல போட்டு வெச்சா மட்டும் வந்துருமா?"

மறுநாள் காலையில் நான் வந்தபோது, அந்தச் சேலை மூட்டை மேசைமேல் இருந்தது.

ஒரு படத்தைப் பூச்சி அரித்திருந்தது. மற்றவை பிழைத்துக்கொண்டன. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஃப்ரேம் கடைக்கு எடுத்துப் போனேன். "ஓரத்து வெள்ளைய வெட்டிட்டு, தங்கக் கலர்ல பூ வேலை ஃப்ரேம் போட்டா எடுப்பா இருக்குமுங்க" என்றார் கடைக்காரர். "ஒரு நூல்கூட வெட்டக் கூடாதுங்க. மெல்லிசாத் தேக்குல போடுங்க, அது போதும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நீ என்ன சொல்லியிருப்பாய் என்று அப்போது யோசிக்கவே இல்லை அக்கா. எனக்கே தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை மதியம் ஒவ்வொன்றாக மாட்டினேன். கடைசிப் படம் கையில் இருக்கும்போது மாமா மாவுக் கையோடு வெளியே வந்தார். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்றார்.

"மல்லிகா, இத்தன வருசமா நான் அடுப்பப் பாத்தே நின்னுட்டேன். ஒண்ணயும் நிதானமாப் பாத்ததில்ல. உங்கையில இருக்கற அந்தக் கும்மட்டத்தச் சமையக்கட்டுல மாட்டு."

"புகை படியுமுங்க மாமா."

"படிஞ்சா தொடச்சுக்கறேன் சாமி."

எண்ணெய்ப் புகை படும் இடத்தில் காகிதப் படம் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் கொடுத்துவிட்டேன். பரோட்டாக் கல்லுக்கு எதிர்ச் சுவரில் மாமாவே ஆணி அடித்தார். அன்று இரண்டு பரோட்டா கருகிப்போனது. கேட்டவர்களுக்கு வேறு போட்டுக் கொடுத்துவிட்டு மாமா சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக மாடியில் ஓர் அறை கட்டுகிறோம். அதன் சுவர்களுக்கும் பழைய இத்தாலிக் கட்டடப் படங்களையே நான் தேடிப் பிடிப்பேன். உனக்குப் பிடித்திருக்குமா என்று பார்க்க மாட்டேன், எனக்குப் பிடித்ததைத்தான் எடுப்பேன். அப்படித்தானே நீயும் எடுத்தாய்? இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் கல்லாவை இப்போது தன் கல்லா என்று சொல்லிக்கொள்ளும்
உன் தங்கச்சி,
மல்லிகா